கட்டங்களும் திரையும் – 7: நால்வரைப் பிரித்த படம்

டாக்டர் டூமைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எடுத்து முடித்தும் 1994-ல் திரைக்கு வராமலே போன முதல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ படத்தின் கதை போன வாரத்தோடு முடிந்தது. தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். டூமிடம் போவதற்கு முன், ஜாஷ் ட்ராங்க் இயக்கி 2015 ஆகஸ்ட்டில் வெளிவந்த படத்தின் கணக்கைத் தீர்த்தாக வேண்டும். அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் இயக்குநருக்கும் ஸ்டூடியோவுக்கும் நடந்த சண்டைக்குப் போய்விடுகிறார்கள். திரையில் ஓடும் நூறு நிமிடங்களுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிறவர்கள் குறைவு. அந்த நூறு நிமிடங்களை வைத்தே சொல்கிறேன்: காமிக்ஸ் எந்த இடத்தில் தொடங்கியதோ, அந்த இடத்துக்குப் படம் தன் முடிவில்தான் வந்து சேர்கிறது. நால்வரும் ஒரு குடும்பம் என்பது ஸ்டான் லீக்கும் ஜாக் கிர்பிக்கும் கதையின் ஆரம்பம். திரைக்கதைக்கு அது கடைசியில் எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்கு. படத்தின் மற்ற குறைகளெல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

தோல்வியின் அளவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுமார் 12 கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலகம் முழுக்க வசூலித்தது 17 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. திரையரங்குகளின் பங்கும் விளம்பரச் செலவும் போனால், ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸுக்கு அது பெரிய நஷ்டம். ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் பத்துச் சதவீத விமர்சகர்களின் ஆதரவைக்கூட அது தொடவில்லை. மோசமான படங்களுக்கான ராஸி விருதை ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’யோடு பங்குபோட்டுக்கொண்டது. நடித்தவர்கள் யாரும் சோடை போனவர்கள் இல்லை. மைல்ஸ் டெல்லர் அதற்கு முந்தைய ஆண்டுதான் ‘விப்லாஷ்’ படத்தில் அசத்தியிருந்தார். மைக்கேல் பி. ஜார்டன் அதே ஆண்டு ‘க்ரீட்’ படத்தில் தன்னை நிரூபித்தார். ட்ராங்க் மூன்றாண்டுகளுக்கு முன் ‘க்ரானிக்கிள்’ என்ற சின்ன பட்ஜெட் படத்தில், திடீரென்று சக்தி வாய்த்த மூன்று பையன்களை வைத்து நல்ல கதை சொன்னவர். இத்தனை திறமையும் கைவசம் இருந்து படம் இப்படி விழுந்ததென்றால், காரணத்தை ஆட்களிடம் தேடுவதைவிடக் கதையின் கட்டுமானத்தில் தேடுவதே முறை.

முதல் இதழைத் திறந்து பாருங்கள். அட்டையில் 1961 நவம்பர் என்று இருக்கும். முதல் பக்கத்திலேயே சென்ட்ரல் சிட்டி என்ற நகரத்தின் வானத்தில் ஒரு எரிவெடி பாய்ந்து, புகையில் அணியின் பெயர் எழுத்தாக விரிகிறது. சுட்டவர் ரீட் ரிச்சர்ட்ஸ். அந்த அழைப்பைப் பார்த்து மூன்று பேர் மூன்று இடங்களிலிருந்து கிளம்புகிறார்கள். சூ ஸ்டார்ம் ஒரு பணக்காரத் தோழி வீட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கிறாள். பேச்சின் நடுவே மறைந்துபோகிறாள். பென் கிரிம் ஒரு துணிக்கடையில் தன் உடம்புக்கு ஏற்ற சட்டை கிடைக்காமல் எரிச்சலில் நிற்கிறான்; அவன் வெளியே வருவதற்குக் கடை வாசல் போதவில்லை. ஜானி ஸ்டார்ம் ஒரு மெக்கானிக் ஷெட்டில் காரைக் குடைந்துகொண்டிருக்கிறான். அவன் தீப்பிழம்பாகி எழும்பும்போது அந்தக் கார் உருகி வழிகிறது. முகமூடி இல்லை, ரகசிய அடையாளம் இல்லை. சீருடைகூட மூன்றாவது இதழில்தான் வருகிறது. விண்கலத்தில் போனது, காஸ்மிக் கதிர் தாக்கியது, உடல் மாறியது எல்லாம் அதற்குப் பிறகு சில பக்கங்களில் பின்கதையாகச் சொல்லி முடிக்கப்படுகின்றன. அதிலும் அந்தச் சில பக்கங்களின் கனம் கதிர்வீச்சில் இல்லை, ஒரு வாக்குவாதத்தில் இருக்கிறது. கதிர்களைப் பற்றி முழுதாகத் தெரியாமல் கலத்தை ஓட்ட மாட்டேன் என்கிறான் பென். நீ கோழையா என்று சூ சீண்டுகிறாள். ரோஷத்தில் சம்மதிக்கிறான். அந்த ஒரு சம்மதத்துக்கு அவன் கொடுத்த விலையும், அதைக் கேட்டு வாங்கிய மற்றவர்களின் குற்ற உணர்வும்தான் லீயும் கிர்பியும் சேர்ந்து படைத்த நூற்றுச் சொச்ச இதழ்களுக்கும் தீனி போட்டன.

இப்போது படத்துக்கு வருவோம். ரீடும் பென்னும் சிறுவயது நண்பர்கள் என்று அழகாகத்தான் தொடங்குகிறது. ரீடுக்கு பேக்ஸ்டர் ஆய்வு நிலையத்தில் இடம் கிடைத்ததும் பென் கதையை விட்டே போய்விடுகிறான். ரீட், சூ, ஜானி, பிறகு டாக்டர் டூமாக மாறப்போகும் விக்டர் என்ற நால்வர் பரிமாணம் தாண்டும் எந்திரத்தைக் கட்டி முடிக்கிற அத்தனை காலமும் பென் அங்கே இல்லை. பயணத்துக்கு முன் குடிபோதையில் ரீட் ஃபோன் செய்த பிறகுதான் அவன் வந்து சேர்கிறான். பயணம் போகும்போது யார் இல்லை தெரியுமா? சூ. அவளிடம் சொல்லாமலே ஆண்கள் நால்வரும் கிளம்பிவிடுகிறார்கள். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அவர்களைத் திரும்ப இழுக்கப் பார்க்கும்போது எந்திரம் வெடித்துத்தான் அவளுக்கு சக்தி வருகிறது. ஆக, இந்தக் கதையின் மூலநிகழ்ச்சியே நால்வருக்கும் பொதுவாக இல்லை. விபத்துக்குப் பிறகு ராணுவத் தளத்தில் ஆளுக்கொரு அறை. ரீட் காற்றுக்குழாய் வழியே தப்பும்போது பாறைக்குவியலாகக் கிடக்கும் பென்னைப் பார்க்கிறான். வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். உடனே திரையில் ‘ஓராண்டுக்குப் பின்’ என்று ஓர் அட்டை விழுகிறது. அந்த ஓராண்டில் பென் ராணுவத்தின் ஆயுதமாகிவிடுகிறான், ஜானி பயிற்சி எடுக்கிறான், ரீட் பனாமாவில் ஒளிந்திருக்கிறான். பென்னுக்கும் ரீடுக்கும் நடுவே ஊறியிருக்க வேண்டிய கோபம், வெட்கம், மன்னிப்பு எல்லாம் அந்த அட்டைக்குள் போய் மறைந்துவிட்டன. நால்வரும் தோளோடு தோள் நிற்பதைப் பார்க்க இறுதிச் சண்டை வரை காத்திருக்க வேண்டும். அவர்கள் தங்களுக்கு ஒரு பெயர் தேடும் காட்சிதான் படத்தின் கடைசிக் காட்சி. காமிக்ஸில் அந்தப் பெயர் முதல் பக்கத்து வானத்தில் இருந்தது.

இந்த வாரம் பழைய இதழ்களைப் புரட்டியதில் ஒன்பதாவது இதழ் என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டது. அதற்கு இடம் கொடுக்காமல் நகர முடியாது. அட்டைத் தேதி 1962 டிசம்பர். கதையில் நால்வரும் திவாலாகிவிட்டார்கள்! ரீட் அணியின் பணத்தைப் பங்குச் சந்தையில் போட்டுத் தொலைத்துவிட்டார். உலகத்தைக் காப்பாற்றுகிறவர்களின் வாசலில் கடன்காரர்கள் நிற்கிறார்கள். இது வெறும் கற்பனை விளையாட்டு என்று தள்ளிவிட வேண்டாம். அந்த ஆண்டு மே மாதக் கடைசியில் அமெரிக்கப் பங்குச் சந்தை நிஜமாகவே பலமாகச் சரிந்திருந்தது. இதழ்கள் அட்டைத் தேதிக்குச் சில மாதங்கள் முன்பே கடைக்கு வந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வாசித்த பையன்களின் அப்பாக்கள் செய்தித்தாளில் படித்த அதே கவலை அவர்கள் கையிலிருந்த பத்து சென்ட்டுக்குச் சற்றே கூடுதலான விலையுள்ள புத்தகத்திலும் இருந்தது. அதற்கு முன் எந்த சூப்பர் ஹீரோ பங்குச் சந்தையில் பணத்தை விட்டார்? சூப்பர்மேனுக்கு வாடகைக் கவலை வந்ததாக அன்றைய கதைகளில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவர்களுக்குத்தான் இந்தக் கவலை பொது. ஒருவர் செய்த தப்புக்கு நால்வரும் சேர்ந்து தலைகுனிகிறார்கள். திட்டிக்கொண்டாலும் பிரிந்து போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஹாலிவுட்டிலிருந்து அழைப்பு வருகிறது: உங்களை வைத்துப் படம் எடுக்கிறோம், பத்து லட்சம் டாலர் தருகிறோம். போக வரக் காசில்லாமல் வழியில் போகும் வண்டியில் ஏறிப் போய்ச் சேர்கிறார்கள். போய்ப் பார்த்தால் ஸ்டூடியோ முதலாளி வேறு யாருமில்லை, கடலடி அரசன் நேமர். ஃபென்டாஸ்டிக் ஃபோரை வைத்து எடுக்கப்பட்ட முதல் படம் 1962-ல் காமிக்ஸுக்கு உள்ளேயே எடுக்கப்பட்டுவிட்டது, அதுவும் ஒரு பொறியாக! நேமரின் உத்தியைக் கவனியுங்கள். நால்வரையும் ஒரே இடத்தில் வைத்து மோத அவன் முயலவில்லை. படப்பிடிப்பு என்ற சாக்கில் ஆளுக்கொரு திசைக்கு அனுப்புகிறான். ரீடை ஒற்றைக்கண் ராட்சசன் இருக்கும் தீவுக்கு அனுப்புகிறான். ஜானி ஆப்பிரிக்காவுக்குப் போகிறான். அந்தப் பக்கங்களில் பழங்குடிகளைக் காட்டியிருக்கும் விதம் அன்றைய வெள்ளையர் பார்வையின் அசிங்கம், அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. பென்னைக் கடற்கரையில் தானே எதிர்கொள்கிறான். சூவைத் தன் பக்கம் இழுத்துவிடலாம் என்பது அவன் ஆசை. இவர்களை வீழ்த்த வேண்டுமானால் முதலில் பிரிக்க வேண்டும் என்பது பகைவனுக்குத் தெரிந்திருக்கிறது. கடைசியில் மூவரும் தப்பித் திரும்பி வந்து அவனைச் சூழ்ந்துகொள்ள, கொடுத்த வாக்கைக் காப்பாற்றச் சொல்லி சூ நிறுத்துகிறாள். பணமும் வந்துசேர்கிறது, கடனும் அடைகிறது. நேமர் 1962-ல் சதியாகச் செய்ததை 2015-ல் திரைக்கதையே செய்துவிட்டது. நால்வரையும் நான்கு அறையில் பூட்டியது வில்லன் கூட இல்லை, கதையை எழுதியவர்கள். நேமரின் சதி நீடித்தது சில பக்கங்கள்தான். படத்தில் அது ஏறத்தாழ முழு நீளமும் நீடிக்கிறது.

ஸ்டூடியோ கெடுத்துவிட்டது, இயக்குநரை விட்டிருந்தால் நல்ல படம் வந்திருக்கும் என்று ஒரு தரப்பு உண்டு. ட்ராங்க்கும் வெளியீட்டுக்கு முதல் நாள் இரவு ட்விட்டரில் அதைத்தான் சொன்னார், பிறகு நீக்கினார். தலையீடு நடந்ததற்குப் படத்திலேயே தடயம் கிடக்கிறது. சில காட்சிகளில் சூவாக நடித்த கேட் மாராவின் தலைமுடி திடீரென்று விக்காக மாறிவிடுகிறது. அவை பிறகு எடுத்து ஒட்டப்பட்டவை. இறுதிச் சண்டையின் அவசரத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் எதை ஒட்டினாலும் வெட்டினாலும் மாறாத சில தீர்மானங்கள் இருக்கின்றன. சூ பயணத்தில் இல்லை என்பது படத்தொகுப்பு மேசையில் எடுத்த முடிவாக இருக்க முடியாது. பென் ஆய்வு நிலையத்தில் இல்லை என்பதும், விபத்து படத்தின் நடுவில்தான் வருகிறது என்பதும், அதன் பிறகு நால்வரும் சிதறுகிறார்கள் என்பதும் கதையின் எலும்புக்கூடு. ட்ராங்க்குக்குப் பிடித்தது டேவிட் க்ரோனன்பெர்க் படங்களின் உடல் பயங்கரம். விபத்துக்குப் பிந்தைய அந்தச் சில நிமிடங்கள், மேசையில் இழுபட்டுக் கிடக்கும் ரீடின் கைகால்கள், எரிந்துகொண்டே கிடக்கும் ஜானி, பாறைக்குள்ளிருந்து வரும் பென்னின் குரல் எல்லாம் உண்மையிலேயே நன்றாக எடுக்கப்பட்டவை. படத்தின் சிறந்த பகுதி அதுதான். ஆனால் அந்த வகைப் பயங்கரத்துக்குத் தனிமை வேண்டும். தன் உடம்பே தனக்கு அந்நியமாகிப்போன ஒருவனின் கதை அது. அதைக் கெடுக்காமல் முழுதாக எடுத்திருந்தால் நான்கு தனி மனிதர்களின் நல்ல பயங்கரக் கதை ஒன்று கிடைத்திருக்கும். இந்தக் குடும்பத்தின் கதை அப்போதும் கிடைத்திருக்காது.

இன்னொரு தரப்பு கேட்பது நியாயமான கேள்வி. காமிக்ஸ் படிக்காதவர்களும் படம் பார்க்க வருகிறார்கள், அவர்களுக்கு முதலிலிருந்து சொல்லாமல் எப்படி? சொல்ல வேண்டும்தான். எவ்வளவு நேரம் என்பதுதான் விஷயம். 2000-ல் வந்த ‘எக்ஸ்-மென்’, ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் ஓர் அணிக்குள் வெளியாளான லோகனைக் கொண்டுபோய் விட்டது. அவன் கண் வழியே பார்வையாளர் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார். 2004-ல் பிராட் பேர்ட் எடுத்த ‘தி இன்க்ரெடிபிள்ஸ்’ படத்தில் யாருக்கு எப்படி சக்தி வந்தது என்ற விளக்கமே கிடையாது. அந்தப் படத்தில் அம்மாவின் கை நீளுகிறது, மகள் மறைந்துபோகிறாள், கவசம் எழுப்புகிறாள். யாரிடமிருந்து வந்த சக்திகள் என்று சொல்லத் தேவையில்லை. சாப்பாட்டு மேசையில் பிள்ளைகள் அடித்துக்கொள்ள, அம்மா கையை நீட்டி இருவரையும் பிடித்து இழுக்கும் அந்த ஒரு காட்சியில் சக்தி என்ன, குடும்பம் என்ன என்பது இரண்டும் ஒன்றாகப் புரிந்துவிடுகிறது. எந்தப் பார்வையாளரும் குழம்பவில்லை. மாட் ஷாக்மேன் இயக்கி 2025 ஜூலையில் வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ படமும், விண்கலக் கதையை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியாகத் தொடக்கத்திலேயே ஓட்டி முடித்துவிட்டு, வீட்டுக்குள் நுழைகிறது. அதன் குறைகளைப் பிறகு பார்ப்போம். ஆனால் இந்த ஒரு பாடத்தை அது கற்றிருக்கிறது.

ஜானியாக மைக்கேல் பி. ஜார்டன் நடித்ததே தோல்விக்குக் காரணம் என்று அன்று பலர் கத்தினார்கள். படம் வருவதற்கு மாதங்கள் முன்பே, ஒரு காட்சிகூடப் பார்க்காமல் கிளம்பிய கூச்சல் அது. அதன் அடியில் இருந்தது நிறவெறி. கறுப்பரான விஞ்ஞானி ஃப்ராங்க்ளின் ஸ்டார்மின் மகன் ஜானி, தத்துமகள் சூ என்று படம் வைத்துக்கொண்டது. அது நல்ல யோசனை. காமிக்ஸின் முதல் இதழில் கார் ஷெட்டில் இருந்தவனைப் படமும் தெருவில் கார்ப் பந்தயம் ஓட்டுகிறவனாகவே அறிமுகம் செய்கிறது. தத்து எடுக்கப்பட்ட அக்காவுக்கும் அப்பாவோடு ஒத்துப்போகாத தம்பிக்கும் நடுவே எத்தனை காட்சி எழுதலாம்! அப்பாவின் செல்லம் யார் என்ற ஒரு கேள்வியே போதும். அதை எழுதாமல் விட்டதற்குத்தான் கோபப்பட வேண்டும்.

இந்த வாதத்துக்குப் பலமான மறுப்பு ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. டிம் ஸ்டோரி இயக்கிய 2005, 2007 படங்களில் நால்வரும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். ஒன்றாகவே விண்வெளிக்குப் போகிறார்கள், ஒரே கட்டடத்தில் வசிக்கிறார்கள், ஓயாமல் சண்டை போடுகிறார்கள். பிறகும் அவை ஏன் நினைவில் நிற்கவில்லை? சேர்ந்திருந்தால் மட்டும் போதாது என்பதை ஏற்கிறேன். அந்தப் படங்களில் சண்டைக்கு விலை இல்லை. ஜானி பென்னைக் கிண்டலடிக்கிறான், அடுத்த காட்சியில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. ஆனால் 2005 படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. உருமாறிய பென், புரூக்ளின் பாலத்தில் பெரிய விபத்தைத் தடுத்து முடித்து நிற்கிறான். கூட்டத்திலிருந்து அவன் வருங்கால மனைவி வருகிறாள்; அவனைப் பார்க்கிறாள்; நிச்சய மோதிரத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அவன் குனிந்து எடுக்கப் பார்க்கிறான். விரல்கள் பாறை. மோதிரம் அகப்படவில்லை. மறுபடி முயல்கிறான், அகப்படவில்லை. ரீட் வந்து அதை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, உன்னைப் பழையபடி மாற்றாமல் விட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறான். கணினி வரைகலைக்குப் பதில் சுமார் 27 கிலோ எடையுள்ள உடையைச் சுமந்து நடித்த மைக்கேல் சிக்லிஸின் கண்கள் மட்டும்தான் அங்கே வெளியே தெரிகின்றன, அது போதும். விலை என்ன, கொடுத்தது யார், கடன்பட்டது யார் என்பதெல்லாம் அந்த ஒரு மோதிரத்தில் அடங்கிவிட்டது. பலவீனமான அந்தப் படம், இருவரை ஒரே சட்டகத்தில் உண்மையாக நிறுத்திய கணத்தில் எழுந்து நிற்கிறது. படம் உலகம் முழுக்க 33 கோடி டாலர் வசூலித்ததில் இந்தக் காட்சிக்கும் பங்கு உண்டு என்றே நம்புகிறேன். 2015 படத்தில் இதற்கு இணையான கணம் அமைய வாய்ப்பிருந்தது. பனாமாவில் ரீடைக் கண்டுபிடித்துப் பிடிப்பவன் பென். ஓராண்டு காத்திருந்து ஏமாந்த நண்பன், ஓடிப்போன நண்பனுக்கு எதிரே நிற்கிறான். அதை ஒரு மோதலாலும் சில வசனங்களாலும் முடித்துக்கொண்டு படம் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது.

1965-ல் மூன்றாவது ஆண்டு மலரில் ரீடுக்கும் சூவுக்கும் கல்யாணம் நடக்கும். அன்று வரை வந்த வில்லன்களில் பெரும்பாலோர் அந்தக் கல்யாணத்தைக் கெடுக்கப் படையெடுத்து வருவார்கள். லீயும் கிர்பியும் தங்களையே வரைந்து, அழைப்பிதழ் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவதாகக் காட்டியிருப்பார்கள். அந்தப் படையை ஏவிவிட்டவன் டாக்டர் டூம். இவ்வளவு வெறுப்பு ஒரு கல்யாணத்தின் மேல் ஏன்? ரீடோடு ஒன்றாகக் கல்லூரியில் படித்தவன், ரீட் எடுத்துச் சொன்ன பிழையைக் கேட்காமல் தன் முகத்தைப் பறிகொடுத்தவன், ஒரு நாட்டுக்கே அரசனாக இருந்தும் அந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் இடமில்லாதவன். குடும்பம் இல்லாத படத்தில் அவனுக்கு என்ன வேலை? 2015 படத்தில் வேற்றுலகத்தில் விடப்பட்டு, கடைசிப் பகுதியில் திரும்பி வந்து, தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டவர்களின் தலைகளைப் பார்வையாலேயே வெடிக்கவைக்கும் டூமுக்கு ரீடின் மேல் சொல்லத்தக்க கோபம் ஒன்றுகூட இல்லாமல் போனது இதனால்தான். இடம் முடிந்துவிட்டது. லாட்வேரியாவின் அரசனை, அவனுக்குரிய மரியாதையோடு, அடுத்த வாரம் முதல் பத்தியிலிருந்தே எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)